அதே சுகிர்தா

சுகிர்தாவின் குடும்ப வாழ்க்கை ஒன்பது வருடங்களாகத் தொலைக்காட்சியில் நகைச்சுவைத் தொடராக ஓடிக்கொண்டிருந்தது. வீடெங்கும் கேமரா. கணவன் அவளை மட்டம் தட்டும்போதெல்லாம் கூரையிலிருந்து சிரிப்பொலி எழும். பொறுக்கமாட்டாமல் அவனை உதறிவிட்டுப் பெருங்களத்தூரில் தனியாக வீடு பிடித்தாள். மகளை நீதிமன்றம் அவனிடமே விட்டுவிட்டது.

சேனல் அதிகாரி ஜெபராஜ் ஆட்களோடு வந்து அந்த வீட்டிலும் கேமரா மாட்டினான்.

"உன் தொடர் அங்க ஓடுது. இங்க உனக்கு என்ன வேலை?" என்றாள் சுகிர்தா.

"பழைய தொடர்ல இருந்தவங்க அதே ஆளா வேற வீட்டுக்குப் போனா அது கிளைத்தொடர், மேடம். சட்டப்படி எங்களுக்குத்தான் சொந்தம்."

"அந்தத் தொடர்ல இருந்த சுகிர்தா செத்துட்டா. நான் வேற ஆளு."

"நிரூபிச்சிட்டீங்கன்னா எல்லாத்தையும் கழட்டிட்டுப் போயிடறேன்." அவன் படிக்கட்டைப் பார்த்துக் கையசைத்தான்.

ஆறு வயது இதழினி ஏறி வந்து வாசலில் நின்றாள். "அம்மா" என்றாள்.

சுகிர்தா பல்லைக் கடித்துக்கொண்டாள். பதில் சொன்னால் தீர்ந்தது. பிள்ளை மறுபடியும் கூப்பிட்டது. இந்த முறை உதடு பிதுங்கிவிட்டது.

"என்னடா கண்ணு" என்று ஓடிப்போய் வாரியெடுத்தாள்.

"அதே ஆள்தான் சார், ஆரம்பிக்கலாம்" என்று ஜெபராஜ் கைப்பேசியில் சொன்னான்.

"ஆரம்பிங்கடா. இந்த வீட்ல ஒருத்தனையும் சிரிக்க விடமாட்டேன்" என்றாள் சுகிர்தா.

புது வீட்டுக் கூரை குபீரென்று சிரித்தது.