பெரிய நம்பர்

நந்தினியின் புதுக் கம்ப்யூட்டர், வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ் என்று காட்டியது. பக்கத்து சீட்டு சந்திரகலாவுக்கு வயிறு குளிர்ந்தது. கூடவே வந்த அவளுடையது 2.4.

நந்தினி வேங்கிக்கால் ஆபீசுக்கு வந்து ஆறே மாதம். அதற்குள் ஆபீசர் எதற்கெடுத்தாலும் “நந்தினியைக் கூப்பிடு” என்கிறார். பதினோரு வருஷம் குப்பை கொட்டியவளுக்கு எரியாதா?

நந்தினி வரவழைத்த மெக்கானிக் அருள்ராஜ், பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“மதர்போர்டு தப்பா காட்டுதுங்க. உள்ள இருக்கிற புராசஸர் 3.2. செட்டிங்கை மாத்திட்டேன், இப்ப பாருங்க.”

திரையில் 3.2 வந்து நின்றது.

சந்திரகலா வெடித்தாள். “நேத்து வந்தவளுக்கு ஜாஸ்தி, எனக்குக் கம்மியா? எல்லாம் ஆபீசர் பண்ற வேலை!”

“ஐயோ, இல்லீங்க மேடம். சீனியர்னு உங்களுக்குத்தான் நல்லதை வைக்கச் சொன்னாரு. போன பௌர்ணமி அன்னிக்கு இதை உங்க டேபிள்லதான் வெச்சிட்டுப் போனேன். எப்படி இங்க வந்துச்சு?”



அந்தப் பௌர்ணமி மத்தியானம் நந்தினி கிரிவலத்துக்குக் கிளம்பியதும், இரண்டையும் போட்டுப் பார்த்து, பெரிய நம்பர் காட்டியதைத் தன் மேஜைக்கு மாற்றிக்கொண்டவள் சந்திரகலாதான்.