நாலாவது பாட்டின் நடுவே ஒரு கத்தல்

பக்கத்து வீட்டு மிசஸ் கிராடாக்கின் குப்பைத் தொட்டியை டாரில் மறுபடியும் எட்டி உதைத்தான். தகர மூடி தெருவில் பாதி தூரம் உருண்டு, ஒரு காரில் முட்டிச் சாய்ந்தது.

வீட்டுக்குள்ளிருந்து சத்தமே இல்லை.

"என்ன ஆச்சு இந்தக் கிழவிக்கு? போன மாசம் நான் தும்மினதுக்கே அந்தத் திட்டு திட்டினாளே!" என்று டாரில் காலைப் பிடித்துக்கொண்டு குதித்தான்.

அவனுடைய பாட்டுக் குழுவின் பெயர் 'லெஃப்ட் ஷூஸ்'. நால்வரும் இரண்டு காலிலும் இடது கால் ஷூதான் போடுவார்கள். மேடைக்கு அது புதுமை. தொட்டியை உதைக்க உதவாது.

"நிறுத்தாதே, உதை. டேப் ஓடிட்டே இருக்கு," என்றாள் வேலிக்குப் பின்னால் மைக்கோடு பதுங்கியிருந்த நோலீன். கீபோர்டு அவள்தான்.

எல்லாம் அந்த ஆல்பத்தால் வந்த வினை. ஆஸ்திரேலியாவில், சிட்னிக்குத் தெற்கே இருக்கும் வுலங்காங் ஊரில், டாரில் வீட்டுக் கார் ஷெட்டில் பதிவு செய்தது. நாலாவது பாட்டின் நடுவே, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மிசஸ் கிராடாக் போட்ட கூச்சலும் டேப்பில் ஏறிவிட்டது.

"டேய், அந்தத் தகர டப்பாவை நிறுத்தித் தொலைங்கடா! என் பூனை நேத்திலேருந்து சாப்பிடலை!"

மறுபடி வாசிக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டார்கள். சிட்னிப் பத்திரிகைகள் அதைத்தான் தூக்கி வைத்துக் கொண்டாடின. 'நவீன வாழ்வின் ஓலம்' என்றது ஒன்று. ஆல்பம் பறந்தது. டி.வி.யில் நோலீன் அந்தக் கத்தலுக்கு வாயசைக்க, ரயிலில் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளெல்லாம் பூனை சாப்பிடவில்லை என்று அலறினார்கள். டாரில் இரும்பாலை வேலையை விட்டுவிட்டான்.

அப்புறம்தான் ரெக்கார்ட் கம்பெனி ஃபென்விக் குண்டைப் போட்டார். "அடுத்த ஆல்பத்திலயும் அதே மாதிரி ஒரு புதுக் கத்தல் வேணும். திங்கட்கிழமைக்குள்ள கேட்கலேன்னா, உங்களுக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை."

நோலீன் நிஜமாகவே கத்திப் பார்த்தாள். ஐஸ்கிரீம் கேட்பதுபோல் இருந்தது. அதனால்தான் இப்போது இந்தக் குப்பைத் தொட்டி வைபவம்.

கதவு திறந்தது. மிசஸ் கிராடாக் வெளியே வந்தாள். கொளுத்தும் ஜனவரி வெயிலில் கழுத்தைச் சுற்றித் தடித்த கம்பளி மஃப்ளர். கையில் தேனும் எலுமிச்சையும் கலந்த வெந்நீர்.

"தொட்டி விழுந்துடுச்சா, டாரில் கண்ணு? மெதுவா எடுத்து வை," என்றாள் பஞ்சு மாதிரி.

டாரில் கடைசி அஸ்திரத்தை எடுத்தான்.

"உங்க பூனை எங்கம்மாவோட ரோஜாச் செடியைப் பிராண்டுது! இந்தத் தெருவிலயே அவ்வளவு அசிங்கமான பூனை கிடையாது!"

மிசஸ் கிராடாக்கின் முகம் சிவந்தது. உதடு துடித்தது. வேலிக்குப் பின்னால் மைக் ஒரு சாண் உயர்ந்தது.

அவள் அவசரமாக ஒரு வாய் வெந்நீர் குடித்தாள். "அப்படியா?" என்றாள்.

டாரில் உடைந்துபோனான். "மிசஸ் கிராடாக், உங்க காலில விழறேன். ஒரே ஒரு தடவை எங்களைத் திட்டுங்க. இருந்த வேலையையும் விட்டுட்டேன். என் பொழைப்பே உங்க வாயிலதான் இருக்கு!"

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா, கண்ணு? நாக்கு பரபரங்குது. ஆனா கூடாதாமே."

"யாரு சொன்னா?"

"மிஸ்டர் ஃபென்விக்தான். நேத்து உங்களைத் தேடி வந்தவர், காரைக் கொண்டுவந்து என் கேட்டுக்கு நேரா நிறுத்தினார். ஒரு சத்தம் போட்டேன். மனுஷன் அப்படியே நடுத்தெருவில முட்டி போட்டுட்டார்! அடுத்த வாரம் சிட்னியில என் பேர்லயே ஒரு ஆல்பம் பதிவு. அதுவரைக்கும் குரலை உசத்தவே கூடாதாம்."

வேலிக்குப் பின்னால் மைக் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

மிசஸ் கிராடாக் படியிறங்கி வந்து, டாரிலின் தோளைப் பரிவோடு தட்டினாள்.

"பின்னால வாசிக்க நாலு பேர் வேணுமாம். சத்தம் போடாத பசங்களா யாராவது இருந்தா சொல்லேன்."