இசைக்குப் பத்துக்கு ஒன்பது

"பாட்டோட இசைஞ்சு ஆடினதுக்கு பத்துக்கு நாலுதானா?"

பெண்கள் ஸ்கேட்டிங் போட்டியின் மூத்த நடுவர் பால்துரை, பக்கத்து நாற்காலியில் இருந்த ஜெனிட்டாவின் தாளை எட்டிப் பார்த்தார்.

ஜெனிட்டாவுக்கு நடுவர் வேலை இதுதான் முதல் தடவை. காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை.

"பாட்டு அழுவுது, அந்தப் பிள்ள சிரிச்சுக்கிட்டே சுத்துதா. ஒட்டவே இல்ல, அண்ணாச்சி."

"அதாம்மா கலை! சோகத்த சிரிச்சுக்கிட்டே காட்டுதா. இருவது வருசமா மார்க்கு போடுதேன், எங்காதுக்குத் தெரியாதா? ஒம்பது போடு. பென்சில் வேண்டாம், பேனாவுல எழுது."

மனசே இல்லாமல் பென்சிலில் போட்ட நாலை ரப்பரால் அழித்துவிட்டு, பேனாவால் ஒன்பது என்று எழுதினாள்.

அடுத்ததாக ரீனா என்ற பெண் சக்கரக் காலோடு வந்து நின்றாள். அதே சோகப் பாட்டு மறுபடி ஒலித்தது.

"ஏலே, போட்ட பாட்டையே எதுக்குப் போடுத?" பால்துரை மைக்செட்காரரைப் பார்த்துக் கத்தினார்.

"இது ரீனாவுக்கு உள்ள பாட்டுதான், அண்ணாச்சி. முந்தின பிள்ளைக்கு மாத்திப் போட்டுட்டேன். பாதியில நின்னா மார்க்கு போயிரும்னு அது எப்படியோ ஆடி முடிச்சிட்டுது."

பால்துரை ஜெனிட்டா பக்கம் மெல்லக் குனிந்தார்.

"ஏம்மா, அந்த ரப்பர கொஞ்சம் தா."

"பேனாவுல எழுதச் சொன்னதே நீங்கதான, அண்ணாச்சி!"