முதல் லைக்

"நூத்தி மூணு நாளா நீ போட்டோ போடற. அதுல எண்பத்தாறு நாள் இவன்தான் முதல் லைக். மீதி நாள் எங்க போனான்?"

ஆஷ்லி போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். ஸ்ரீரஞ்சனி லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல ஃபாலோயர். அவ்வளவுதான்."

"ப்ரொஃபைல்ல படம் இல்ல. பேர் இல்ல. உன் ஒருத்தியத்தான் ஃபாலோ பண்றான். சும்மா ஒருத்தன் இப்படி இருப்பானா?"

ஸ்ரீரஞ்சனி லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

பெங்களூர் தொம்மலூரில் இருவருக்கும் ஒரே அறை. தினமும் காலையில் ஸ்ரீரஞ்சனி தெருமுனை பஸ் ஸ்டாப்பை எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு படம் எடுப்பாள். ஏழு மணிக்கு அதைப் போடுவாள். நேரம் மாறக் கூடாது, ஒரு நாளும் விடக் கூடாது, அப்போதுதான் ஆள் சேரும் என்று எங்கோ படித்திருந்தாள். படித்தது பலித்தது. நாற்பது பேராக இருந்தவர்கள் பதினோராயிரம் ஆகியிருந்தார்கள். முதல் கல்யாண ஆர்டரும் வந்துவிட்டது.

'பெங்களூரில் ஒரு ஸ்டாப்' என்று மட்டும் எழுதுவாள். எந்த ஸ்டாப் என்று சொல்லமாட்டாள். அதைக் கேட்டே தினமும் கமெண்ட் குவியும்.

ஆஷ்லி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள்.

"ஞாயித்துக்கிழமை எதுக்கும் லைக் இல்ல. தசரா லீவுக்கு இல்ல. ரஞ்சி, இங்க வா. இவன் லைக் போட்ட எல்லாத்துலயும் ஓரமா ஒரு பொண்ணு நிக்கறா பாரு. பச்சைப் பை."

படத்தின் விளிம்பில் அந்தப் பெண் நின்றிருந்தாள். ஹெப்பகோடி போகும் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருப்பவள்.

"இவன் உன் போட்டோவ பாக்கல. இவளப் பாக்கறான்."

"தெரியும்," என்றாள் ஸ்ரீரஞ்சனி.

"என்ன தெரியும்?"

"அவர் அந்தப் பொண்ணோட அப்பா."

போனை வாங்கி ஒரு மெசேஜைத் திறந்து காட்டினாள்.

'அம்மா, எனக்கு தர்மபுரி பக்கம். உங்கள் படத்தில் பச்சைப் பையோடு நிற்பது என் மகள் தர்ஷினி. கோபித்துக்கொண்டு போய் ஒரு வருஷம் ஆகிறது. பெங்களூர் என்று போட்ட படமாகத் தேடித் தேடிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். இடது மணிக்கட்டில் தழும்பு இருக்கும். வெந்நீர் கொட்டியது. தினமும் அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் டீ குடிக்கிறேன்.'

ஆஷ்லி இரண்டு முறை படித்தாள்.

"தழும்பு இருக்கா?"

ஸ்ரீரஞ்சனி ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். இருந்தது.

"இருக்கட்டும். எனக்கு இது சரியா படல. பெத்தவர்னா பேரப் போட்டுக்கறதுக்கு என்ன?"

"ஊர்ல இருக்கற பெரியவர், அவருக்கு இதெல்லாம் தெரியுமா? நீ எல்லாரையும் சந்தேகப்படுவ. தண்ணி கேன் போடறவரையே விடல."

"அவர் கேன்ல நிஜமாவே பாசி இருந்துச்சு!" என்றவள் சட்டென்று நிமிர்ந்தாள். "எந்த ஸ்டாப்னு கேட்டானா?"

ஸ்ரீரஞ்சனி லென்ஸுக்கு மூடி போட்டாள்.

"அடிப்பாவி, சொல்லிட்டியா?"

"யாருமே பாக்காதப்போ தினமும் பாத்தது அவர் ஒருத்தர்தான் ஆஷ்லி. அந்த ஒரு லைக் வரலைன்னா பத்தாவது நாளே நிறுத்தியிருப்பேன். அவருக்கு நான் இதுகூட செய்யக் கூடாதா?"

"அவகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை. படத்தில் இருக்கும் யாரிடமும் அவள் ஒரு நாளும் பேசியதில்லை. 'எடுக்கட்டுமா?' என்று கேட்க வாய் வராமல்தான் எதிர்ப்பக்கத்தில் நின்று எடுக்கவே ஆரம்பித்தாள்.

"நாளைக்கு அவர் வரார். அதுக்கு முன்னாடி நானே அவகிட்ட சொல்லிடறேன்."

"போய் சொல்லு. முதல்ல சொல்லு," என்றாள் ஆஷ்லி.

மறுநாள் காலை ஸ்ரீரஞ்சனி முதல் தடவையாகச் சாலையைக் கடந்தாள். கேமரா பையை விட்டு வெளியே வரவில்லை. பச்சைப் பைக்காரி வழக்கமான தூணருகே நின்றிருந்தாள்.

"நீங்க தர்ஷினிதானே?"

அந்தப் பெண் ஓரடி பின்னால் போனாள்.

"என் பேர உங்களுக்கு யாரு சொன்னது?"

ஸ்ரீரஞ்சனி வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் சொன்னாள். போட்டோ, முதல் லைக், மெசேஜ், வெந்நீர்த் தழும்பு.

"உங்க மேல அவருக்குக் கோபமே இல்லைங்க. தினமும் உங்களப் பாத்துட்டுத்தான் டீயே குடிக்கறாராம். இன்னைக்கு இங்கயே வரேன்னு சொல்லியிருக்கார்."

"இந்த ஸ்டாப்புக்கா?"

"ஆமா. இப்போ வந்துடுவார். அப்பாதானே, பயப்படாதீங்க."

தர்ஷினி சுடிதார்க் கையை இழுத்து மணிக்கட்டை மூடினாள். கம்பெனி பஸ் இன்னும் வரவில்லை. சாலையின் எதிர்ப்பக்கத்தில், ஸ்ரீரஞ்சனி தினமும் நின்று படம் எடுக்கும் அதே இடத்தில், ஓர் ஆட்டோ வந்து நின்றது.

"எங்கப்பா செத்து நாலு வருஷமாச்சுக்கா," என்றாள் தர்ஷினி, ஆட்டோவிலிருந்து கண்ணை எடுக்காமல். "வெந்நீர்னு டாக்டர்கிட்ட சொல்லச் சொன்னது என் புருஷன்."