மிச்சத் துணி

மூன்றாவது சட்டையும் கோணிக்கொண்டு நின்றது.

காலர் ஒரு பக்கம் சாய்ந்தது. பொத்தான் வரிசை நேரே இறங்காமல் தன் போக்கில் போனது. இடது கை மட்டும் நீண்டு விரலை மூடியது. துணி மாற்றும் அறைக்குள் நின்று கடையைத் திட்டித் தீர்த்தேன்.

ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு இது முதல் ரெடிமேட் சட்டை. அக்கா தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்த நாள் முதல் என் சட்டை எல்லாம் அவள் கைவேலைதான். மகள் கல்யாணத்துக்கும் அவள்தான் தைத்திருக்க வேண்டும். கண்ணில் புரை விழுந்து, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று கையை விரித்துவிட்டாள். இப்போது கடை வாசலில் சக்கர நாற்காலியில் எனக்காகக் காத்திருக்கிறாள்.

கடைப் பெண் வந்து என் இரண்டு தோளுக்கும் டேப் வைத்துப் பார்த்தாள்.

“சட்டையில கோளாறு இல்ல சார். உங்க இடது தோள் நல்லா இறங்கியிருக்கு. பாவம், சின்ன வயசுல எங்கயாவது விழுந்தீங்களா?”

விழுந்தேன்தான்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு. எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. நான் சைக்கிளில், அவள் சக்கர நாற்காலியில். கீழே மைதானத்தில் இருக்கும் கோல் கம்பத்தை யார் முதலில் தொடுவது என்று பந்தயம். என் சைக்கிளுக்காவது பிரேக் இருந்தது. அவள் சக்கரத்திலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டுக் கத்திக்கொண்டே வந்தாள். பாதிச் சரிவில் என் பின்சக்கரத்தில் மோதினாள். நான் பறந்தேன். கழுத்தடியில் காறை எலும்பு முறிந்தது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அதுவரை எங்கள் வீட்டில் அக்காவை யாரும் அதட்டியதே இல்லை. பால் பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் பாவம், பரீட்சையில் கோட்டை விட்டாலும் பாவம். வருகிறவர் போகிறவர் எல்லாம் அவள் தலையைத் தடவி அதே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அதைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு அம்மா அவள் முதுகில் இரண்டு வைத்தாள்.

நான் கட்டுப்போட்டுப் படுத்திருந்தபோது அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். அழுது முகம் வீங்கியிருக்கும் என்று நினைத்தேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

“டேய், எனக்கும் அடி விழுந்துச்சுடா!”

மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. இத்தனை வருஷமாக நானும் சீண்டிப் பார்த்துவிட்டேன். குறுக்கே வந்தது நீதான் என்பாள், அதோடு பேச்சு முடிந்துவிடும்.

எலும்பு கூடிய கொஞ்ச நாளில், தையல் கற்றுக்கொள்கிறேன் என்று அடம்பிடித்து, கையால் சுற்றும் மிஷின் ஒன்றை வாங்க வைத்தாள். முதலில் தைத்தது என் சட்டை. இடது தோளுக்கு உள்ளே மட்டும் ஏன் தடிப்பாக இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். வெட்டியதில் மிச்சத் துணி, வீணாக்குவானேன் என்றாள். கஞ்சப் பிசினாறி என்று கேலி செய்தேன்.

கொக்கியில் தொங்கிய என் பழைய சட்டையை எடுத்து, தோளுக்கு உள்ளே விரலை விட்டேன். கழுத்துப் பக்கம் மெலிந்து, தோள் நுனிக்கு வரவரத் தடித்த மடிப்பு. ஓரமெல்லாம் பொடித் தையல். மிச்சத் துணிக்கு யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். நேராக இருந்தேன்.

சட்டையில்லாமல் கண்ணாடி முன் நிற்கிற வழக்கம் எனக்கு இல்லை. இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட என்னைப் பார்த்து ‘பாவம்’ என்ற அந்த வார்த்தையைச் சொன்னதும் இல்லை. இன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். யாரையும் சொல்லவிடாமல் ஒருத்தி பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் வெளியே போகவே முடியவில்லை.

வாசலில் அக்கா என் பக்கம் கையை நீட்டினாள். குனிந்தேன். கண் மங்கினாலும் விரல்கள் நேராக இடது தோளுக்குத்தான் வந்தன. பழைய சட்டை என்று தெரிந்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

“ஏன்டா, ஒண்ணுமே அமையலயா? கடைல ஏதாவது சொன்னாங்களா?”

அவள் குரலில் பயத்தையும் இன்றைக்குத்தான் கேட்டேன்.

“யாரும் ஒண்ணும் சொல்லலக்கா. இவங்களுக்குத் தைக்கவே தெரியல. கல்யாணத்துக்கு நீ தைச்சதையே போட்டுக்கறேன்.”

அப்பா பழைய சட்டையிலா நிற்பார் என்று மகள் சண்டைக்கு வருவாள். வரட்டும்.

அக்கா என் தோளைத் தட்டிவிட்டு நாற்காலியைத் திருப்பினாள். வாசலிலிருந்து தெருவுக்குச் சின்னச் சரிவு. பின்னால் பிடித்துக்கொள்ளப் போனேன்.

“குறுக்க வராத” என்று சொல்லிவிட்டு, சக்கரத்திலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டாள்.