நேரில் பார்த்த விலங்கு

‘நேரில் பார்த்த ஒரு விலங்கைப் பற்றி ஐந்து வரி எழுதி வாருங்கள்’ என்று இரண்டாம் வகுப்புக்குத் தமிழ் டீச்சர் புராஜெக்ட் கொடுத்திருந்தார். பூனை, நாய், அணில் என்று எல்லாரும் எழுதி வந்தார்கள். கடைசி பெஞ்சு வாயாடி மட்டும் எருமையை எழுதியிருந்தாள்.

‘எருமை எல்லாருக்கும் முன்னால் எழுந்திருக்கும். நாள் முழுக்க வேலை செய்யும். மிச்சம் இருப்பதைச் சாப்பிடும். அடித்தாலும் கத்தாது. கூப்பிட்டதும் வரும்.’

டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“நாலாவது மாடியில குடியிருக்கிறவ எருமையை எங்கடி பாத்தே?”

“எங்க வீட்லதான் மிஸ். தினமும் பாக்கறேன்.”

“அடி புளுகுமூட்டை!”

தாளின் அடியில் சிவப்பு மையால் ‘பொய் எழுதக் கூடாது’ என்று எழுதி, பத்துக்கு மூன்று போட்டார்.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு வாயாடியின் அப்பா வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை; பேச்சில் தேன் ஒழுகியது. தாளில் சிவப்பு மையைப் பார்த்ததும்தான் முகம் கடுகடுத்தது.

“மன்னிச்சுக்கங்க மிஸ். இந்த வயசுலயே பொய்! வீட்ல வளர்க்கிறவ வளர்ப்பு சரியில்ல.”

வாசல் பக்கம் திரும்பி ஓர் அதட்டல் போட்டார்.

“ஏ எருமை! உள்ள வா!”

வராந்தாவிலிருந்து, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பெண் சத்தமில்லாமல் வந்து நின்றாள்.

வாயாடி டீச்சரின் கையைச் சுரண்டினாள்.

“பாத்தீங்களா மிஸ்? கூப்பிட்டதும் வந்துருச்சு. இப்பவாவது மார்க் போடுங்க.”