தண்ணீர் குடிக்கும் தளம்

காக்ஸ் டவுனில் சுந்தரராமன் கட்டிய புது வீட்டின் மொட்டைமாடி மூன்று நாளாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

கட்டட வேலையில் குறை கண்டுபிடிக்க, ரிட்டயரான ஓவர்சியர் நாணுவை அவர் அமர்த்தியிருந்தார். தளம் ஒழுகுகிறதா என்று பார்க்க தினமும் மாடியில் நாலு அங்குலம் தண்ணீர் கட்டச் சொல்லி, கைப்பிடிச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் போவார் நாணு. மறுநாள் காலையில் தண்ணீர் கோட்டுக்கு இரண்டு அங்குலம் கீழே நிற்கும். வீட்டுக்குள்ளே அண்ணாந்து பார்த்தால் பொட்டு ஈரம் இருக்காது.

இப்படிக் குடித்துவிட்டு ஒழுகாத தளத்தை முப்பது வருஷ சர்வீஸில் நாணு பார்த்ததில்லை. அதுவே அவருக்கு எரிச்சல்.

"சர்க்கார் பர்மிட்ல வாங்கிக் குடுத்த சிமெண்டை இந்த மேஸ்திரி வித்துச் சாப்பிட்டுட்டான். மொத்தத்தையும் உடைச்சுப் போடச் சொல்லுங்கோ" என்றார் சுந்தரராமன்.

காண்டிராக்ட் எடுத்த மேஸ்திரி ஆம்ப்ரோஸ் பக்கத்திலேயே நின்றார். தளத்தை உடைத்தால் இருபது வருஷப் பெயர் லிங்கராஜபுரம் வரை நாறிப்போகும். ஆனாலும் மனிதர் வாய் திறக்கவில்லை. குற்றமுள்ளவன்தான் இப்படி நிற்பான் என்று நினைத்துக்கொண்டார் நாணு. நாளைக் காலையில் முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

மறுநாள் விடிந்ததுமே, சொல்லாமல் கொள்ளாமல் பின்பக்கச் சந்து வழியாக வந்தார். சந்துக்கு அந்தப் பக்கம் ஜீவனஹள்ளிக் குடிசைகள். மாடியின் மழைத்தண்ணீர்க் குழாய் சந்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே குடங்களோடு பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

நாணு விறுவிறுவென்று மாடி ஏறினார். குழாய் வாயை அடைக்கும் சாக்குத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு ஆம்ப்ரோஸ் குந்தியிருந்தார்.

"தெருக்குழாயில எட்டு நாளா தண்ணி இல்ல சார். பாத்திரம் கழுவக்கூட வழியில்ல. இந்த வீட்டுக் கிணத்துல கேட்டாங்க. வெளியாள் காம்பவுண்டுக்குள்ள கால் வெக்கக்கூடாதுன்னுட்டாரு ஓனர். மாடிக்குத் தண்ணி கட்ட மட்டும் இறைக்கலாம்னாரு."

"இதை நேத்தே சொல்றதுக்கு என்ன? உம்ம பேர்னா கெடறது?"

"சொன்னா நிறுத்திடுவாரு சார்."

நாணுவுக்கு வெட்கமாக இருந்தது. படி இறங்கிப் போனார்.

ஒன்பது மணிக்கு சுந்தரராமன் வந்தார். உடைத்துவிடலாமா என்று கேட்டார்.

சர்வீஸில் ஒரு பொய் ரிப்போர்ட்கூட எழுதாத நாணு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"உடைக்க வேண்டாம். ஆனா எனக்குச் சந்தேகம் தீரலை. மழை பிடிக்கிற வரைக்கும் தினம் தண்ணி கட்டிப் பார்க்கணும்" என்றவர், மேஸ்திரி பக்கம் திரும்பினார்.

"நாலு அங்குலம் போறாது. இன்னிலேருந்து ஆறு அங்குலம் கட்டும்."